களையைக் கொல்வதா, மருந்தை நிறுத்துவதா? செம்பனைத் தோட்டம் எழுப்பும் கேள்வி

கூலாயிலிருந்து பண்டார் தெங்காரா பக்கம் காரில் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் செம்பனை, செம்பனை, இன்னும் செம்பனை. பத்து நிமிடத்தில் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். அடுத்த முறை இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தைக் கடக்கும்போது மரத்தை விட்டுவிட்டு, மரத்தின் காலடியைப் பாருங்கள். மூன்று விதமான காட்சிகள் கண்ணில் படும்.

சில இடங்களில் சாலையோரம் வரிசையாகப் பூச்செடி நட்டிருப்பார்கள். காலை எட்டு மணி வாக்கில் விரியும் வெளிர் மஞ்சள் பூ. மலாயில் 'புங்கா புக்குல் லாப்பான்' என்றே பெயர். சில இடங்களில் தரையே தெரியாமல் பச்சைக் கொடி படர்ந்து கிடக்கும். இன்னும் சில இடங்களில் மரத்தைச் சுற்றிப் புல்லெல்லாம் கருகிப் பழுப்பாகக் கிடக்கும். அங்கே 'மருந்து அடிச்சிருக்காங்க' என்று அர்த்தம்.

பூ, கொடி, கருகிய புல். சுற்றுச்சூழல் அமைப்புகளைப் பல காலமாகச் சங்கடத்தில் வைத்திருக்கும் ஒரு விவகாரம் இந்த மூன்றுக்குள்ளும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து நம் காட்டை விழுங்கும் செடிகளை அகற்றணும் என்பது அவர்களுடைய ஒரு கோரிக்கை. விஷ மருந்தைக் குறைக்கணும் என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமானவை. ஆனால் தோட்டத்துக்குள் இறங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

'ஊடுருவும் செடி' என்று யார் சொல்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். களை வேறு, ஊடுருவும் அந்நியச் செடி வேறு.

லாலான் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு அதைச் சொன்னாலே எரிச்சல் வரும். வெட்ட வெட்ட முளைக்கும், கூரான வேர், வெயிலில் தீப்பிடிக்கும். ஆனால் லாலான் இந்த வட்டாரத்துப் புல்தான். அது களை, ஆனால் அந்நியச் செடி இல்லை.

செம்பனையோ இதற்கு நேர்மாறு. அதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அந்த வழியில் வந்த மரத்தை மலாயாவில் முதலில் அழகுக்குத்தான் வைத்தார்கள். 1917-ல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் வணிகப் பயிராக நட்டார்கள். ஆக, நம் நாட்டின் முக்கால்வாசித் தோட்டக் காட்சியே ஒரு அந்நியச் செடி. பிரேசிலின் சில கடலோரப் பகுதிகளில் அது தானாகவே பரவி வளர்கிறது. இங்கே அதை யாரும் ஊடுருவும் செடி என்று சொல்வதில்லை. 'பொருளாதாரப் பயிர்' என்கிறோம்.

பல்லுயிர் குறித்த ஐநா ஒப்பந்தம் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. ஒரு செடி வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், அது பரவுவதால் அந்த இடத்தின் பல்லுயிருக்கு ஆபத்து வர வேண்டும். இந்த இரண்டாவது பாதியில்தான் வாக்குவாதமே. ஆபத்து யாருக்கு, எவ்வளவு, எந்த இடத்தில்? இதற்கெல்லாம் பதில் சொல்வது மனிதர்கள். மனிதர்கள் காலத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்வார்கள்.

ஹெம்ப் செடியின் கதை இதற்கு நல்ல சாட்சி. சாக்குப் பை செய்யும் சணலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது கஞ்சா இனத்தைச் சேர்ந்த நார்ச்செடி. 1942-ல், உலகப்போர் நேரத்தில், அமெரிக்க விவசாயத் துறை 'வெற்றிக்கு ஹெம்ப் வளர்ப்போம்' என்ற பாணியில் ஒரு பிரசாரப் படமே எடுத்தது. கயிறும் துணியும் தேவைப்பட்ட காலம். போர் முடிந்தது, தேவையும் முடிந்தது. ஆனால் வயலோரத்தில் விழுந்த விதை அமெரிக்காவின் நடு மாநிலங்களில் சாலையோரக் குழிகளிலும் வாய்க்கால் கரைகளிலும் தானாக முளைத்துக்கொண்டே இருந்தது. அதற்குக் 'குழிக்களை' என்று பட்டப்பெயர் வந்தது. போதை ஏறாத அந்தச் செடியைப் பிடுங்கப் பிற்பாடு போதைப்பொருள் ஒழிப்புப் பணத்தைச் செலவு செய்தார்கள். 2018-ல் விவசாயச் சட்டம் மாறியதும் அதே செடி மறுபடியும் சட்டபூர்வமான பயிர் ஆகிவிட்டது. செடி அதே செடிதான். நாட்டுக்கு உதவும் பயிர், களை, குற்றம், மறுபடி பயிர் என்று ஆட்கள்தான் அதன் பெயரை மாற்றினார்கள்.

நம் தோட்டத்திலும் இதேதான் நடந்தது. ஒரு வித்தியாசம்: இங்கே பெயரை மாற்றியதோடு நிற்கவில்லை, மருந்தும் அடித்தோம்.

நாமே கொண்டு வந்த கொடி

செலாப்புட் துங்குல் என்ற கொடியைப் பெயர் தெரியாமலே நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதய வடிவ இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூங்கொத்து. வேலி, புதர், கைவிடப்பட்ட வீடு எதையும் விடாது, மேலே ஏறி மூடிவிடும். அறிவியல் பெயர் மிக்கானியா மிக்ராந்தா. ஆங்கிலத்தில் இதற்கு 'நிமிடத்துக்கு ஒரு மைல்' கொடி என்று பெயர். கொஞ்சம் மிகைதான், ஆனால் மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு அந்த மிகை புரியும்.

இது தென், மத்திய அமெரிக்காவின் கொடி. 1949-ல் பராகுவேயிலிருந்து போகோர் தோட்டத்துக்கு வந்தது. 1950-களின் நடுவில் இந்தோனேசியாவின் ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராக இதை நட்டார்கள். மண்ணை மூடி ஈரத்தைக் காப்பாற்றும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மிக்கானியா மண்ணை மட்டும் மூடவில்லை. இளம் மரங்களின் மேல் ஏறியது, அவற்றின் வளர்ச்சியைக் கெடுத்தது. 1960-களிலேயே மலேசியத் தோட்ட ஆய்வாளர்கள் இதை எதிரிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இன்று உலகின் மோசமான ஊடுருவும் உயிரினங்கள் என்று தொகுக்கப்பட்ட நூறு பெயர்களில் இதுவும் ஒன்று.

சரி, பாடம் கற்றோமா என்றால், பாதி கற்றோம் என்று சொல்லலாம்.

1991-ல் இன்னொரு கொடி மலேசியாவுக்கு வந்தது: முக்குனா பிராக்தியாத்தா. இதன் ஊர் வடகிழக்கு இந்தியாவின் திரிபுரா. அங்கிருந்து கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போய், பிறகு நம் நாட்டுத் தோட்ட நிறுவனம் ஒன்றின் வழியாக இங்கே வந்தது. மரம் வெட்டி மறுநடவு செய்யும் நிலங்களில், சாலையிலிருந்து பார்த்தால் பச்சை ஜமுக்காளம் விரித்த மாதிரித் தெரிவது பெரும்பாலும் இதுதான்.

முக்குனாவின் நல்ல பக்கம் உண்மையிலேயே நல்லது. அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டு வருகிறது. சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்கிறது. முக்கியமாக, மற்ற களைகளை மூச்சுத் திணற வைக்கிறது. அதாவது முக்குனா நன்றாகப் படர்ந்த இடத்தில் களைக்கொல்லி குறைவாகத் தேவைப்படும். நம் ஊர்ச் சமவெளியில் இது அதிகம் விதை பிடிப்பதில்லை, தண்டை வெட்டியும் வளர்க்கிறார்கள். அதனால் பறவை தூக்கிப் போய்க் காட்டுக்குள் போடும் பயமும் குறைவு.

கெட்ட பக்கம்? இதற்கு எல்லை தெரியாது. ஆள் வைத்து இழுத்து விடாவிட்டால் செம்பனைக் கன்றையே சுற்றிக்கொள்ளும். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அது 'இது என் இடம் இல்லை' என்று நின்றுவிடப் போவதில்லை.

நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு, அதாவது ஆர்எஸ்பிஓ, 2018-ல் வெளியிட்ட விதிகளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. அனைத்துலக ஊடுருவும் உயிரினப் பட்டியல்களில் உள்ள செடிகளைத் தோட்டத்தில் பயன்படுத்தக்கூடாது, அப்படிப் பயன்படுத்தினால் பரவாமல் தடுக்கவும் கண்காணிக்கவும் திட்டம் இருக்க வேண்டும். அந்த 'அப்படிப் பயன்படுத்தினால்' என்ற இடத்தைக் கவனியுங்கள். முழுத்தடை போட்டால் மருந்து கூடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

மேலே சொன்ன மஞ்சள் பூவுக்கும் இதே கதைதான். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கச் சில குளவி வகைகள் உதவுகின்றன. அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும், அதற்காகத்தான் பூ. பூ இருந்தால் பூச்சிக்கொல்லி குறையும். இதே வேலைக்காகத் தோட்டங்களில் நடப்படும் இன்னொரு கொடி, இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் 'ஆயர் மாத்தா பெங்கந்தின்', அதாவது மணப்பெண்ணின் கண்ணீர். மெக்சிகோவின் கொடி. குவாம் தீவிலும் கரீபியத் தீவுகளிலும் அது பெரிய தலைவலி. இங்கே அது சுற்றுச்சூழலுக்கு உகந்த விவசாயத்தின் அடையாளம். சிரிப்பதா, தலையைச் சொறிவதா?

மருந்து அடித்தவர்கள் யார்?

இப்போது கருகிய புல்லுக்கு வருவோம். இந்தப் பகுதியை மற்றதைவிடக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களின் கதை.

ரப்பர் காலத்தில் லாலானைக் கொல்லச் சோடியம் ஆர்சினைட் அடித்தார்கள். ஆர்சனிக் என்றால் என்ன என்று துப்பறியும் கதை படித்த எவருக்கும் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஆர்சனிக்கோடு ஒப்பிட்டால் பாதுகாப்பானது என்று அதை வரவேற்றார்கள். தோட்டத்தில் அது 'கிராமக்சோன்' என்ற பெயரில் தெரியும். வேகமாக வேலை செய்யும், மழை வந்தாலும் கழுவிப் போகாது, விலையும் மலிவு.

ஆனால் அது வாய்க்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. நுரையீரலைக் கெடுத்து, பல நாள் கழித்து உயிரை எடுக்கும். தோலில் பட்டால் புண், நகம் கறுத்து விழுதல், மூக்கிலிருந்து ரத்தம்.

இதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் நீண்ட காலம் தமிழ்ப் பெண்கள். ஆண்கள் குலை வெட்டப் போவார்கள், பெண்களுக்கு மருந்து, உரம் என்று வேலை பிரிந்திருந்தது. கையுறையும் முகக்கவசமும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நண்பகல் வெயிலில் ரப்பர் கவசம் போட்டுக்கொண்டு பம்பு சுமப்பது எப்படி என்று அலுவலகக் குளிர் அறையில் உட்கார்ந்து யோசிப்பவருக்குப் புரியாது. உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்க. 'மருந்து அடிச்ச காலத்துல' என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

ஐரின் ஃபெர்னாண்டஸ் 1991-ல் தொடங்கிய தெனகானித்தா அமைப்பு, பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்புடன் சேர்ந்து, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களிடம் ஆய்வு நடத்தியது. 2002-ல் வந்த அந்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் 'நஞ்சூட்டப்பட்டு, வாயடைக்கப்பட்டு' என்று சொல்லலாம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மலேசியா பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. செம்பனைத் துறையினர் மாற்று மருந்து செலவு கூடுதல் என்று வாதிட்டார்கள். 2006-ல் தடை தளர்ந்தது. கடைசியில் முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. முதல் அறிவிப்புக்கும் முழுத்தடைக்கும் நடுவே 17 ஆண்டுகளுக்கு மேல். ஐரின் 2014 மார்ச்சில் காலமாகிவிட்டார். அவர் அந்த நாளைப் பார்க்கவில்லை.

தடைக்குப் பிறகு என்ன நடந்தது? களை நிற்கவில்லை, அதனால் மருந்தும் நிற்கவில்லை. வேறு மருந்து வந்தது. கிளைபோசேட் ஏற்கெனவே இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. விவாதம் இன்னும் ஓடுகிறது. குளுஃபோசினேட் என்ற இன்னொன்றும் தோட்டங்களில் பயன்படுகிறது. இனப்பெருக்க ஆரோக்கியத்துக்குக் கேடு என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான அனுமதி 2018-ல் முடிந்துபோனது. மருந்து அடிப்பவர்களில் பெண்கள் அதிகம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்து வேலை செய்யக்கூடாது என்று ஆர்எஸ்பிஓ விதி சொல்கிறது. ஆனால் தான் கர்ப்பம் என்று ஒரு பெண்ணுக்கே முதல் சில வாரம் தெரியாதே?

இன்று பம்பு சுமக்கும் முதுகுகளில் பல இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவை. நம்மவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம். பிரச்சினை இடம் மாறியது, தீரவில்லை.

களையும் சும்மா இல்லை

மருந்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் ஒரு விஷயத்தை மெல்லக் கடந்துபோவார்கள். அடிக்க அடிக்கக் களை பழகிவிடும்.

ரும்புட் சம்பாவ் என்ற சாதாரணப் புல் ஒன்று இருக்கிறது. திடலில், நடைபாதை வெடிப்பில், எங்கும் பார்க்கலாம். நம் கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம் இது, காட்டு அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். கிளைபோசேட்டுக்கு அடங்காத இந்தப் புல் உலகிலேயே முதலில் பதிவானது மலேசியாவில்தான், 1997-ல். பாராகுவாட்டுக்கு அடங்காத வகை அதற்கு முன்பே இங்கே இருந்தது. குளுஃபோசினேட்டும் கொஞ்ச காலம்தான் தாக்குப்பிடித்தது, 2009 வாக்கில் அதற்கும் அடங்காத புல் இங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே புல் மூன்று மருந்துகளையும் தோற்கடித்துவிட்டது.

இதற்கிடையில் அடித்த மருந்தின் ஒரு பகுதி மழையோடு எங்காவது போகத்தானே வேண்டும்? பண்டார் தெங்காரா ஜோகூர் ஆற்றுப் படுகையில் இருக்கும் ஊர். கெஜோரா எனப்படும் ஜோகூர் தென்கிழக்கு மேம்பாட்டு வாரியம் 1972-ல் அமைக்கப்பட்ட பிறகு காட்டை அழித்துத் தோட்டமும் நகரமும் உருவாக்கப்பட்ட வட்டாரம் இது. அந்த ஆற்று நீரைத்தான் ஜோகூர் மக்கள் குடிக்கிறார்கள். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூரும் அதிலிருந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். கரையில் எதை அடிக்கிறோம் என்பது தோட்டக்காரரின் சொந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது.

6-ஆம் இலக்கும் 7-ஆம் இலக்கும்

சிக்கலின் மையம் இதோ. 2022 டிசம்பரில் உலக நாடுகள் குன்மிங்-மொன்றியல் பல்லுயிர் உடன்பாட்டை ஏற்றுக்கொண்டன. அதில் 23 இலக்குகள். 6-ஆம் இலக்கு, ஊடுருவும் அந்நிய உயிரினங்கள் புதிதாக வந்து நிலைகொள்ளும் வேகத்தை 2030-க்குள் பாதியாகக் குறைப்பது, ஏற்கெனவே வந்தவற்றைக் கட்டுப்படுத்துவது. 7-ஆம் இலக்கு, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போன்றவற்றால் வரும் ஆபத்தை அதே 2030-க்குள் பாதியாகக் குறைப்பது.

ஒரே காகிதத்தில் அடுத்தடுத்த வரிகள். ஒன்றை வேகமாகச் செய்ய நினைத்தால் மற்றதில் கை வைக்க வேண்டியிருக்கும்.

6-ஆம் இலக்கைப் பிடித்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊடுருவும் உயிரினங்கள் பற்றி 2023-ல் வந்த ஐபிபிஇஎஸ் அறிக்கை, உலகில் அழிந்துபோன விலங்கு, தாவர இனங்களில் 60 விழுக்காட்டின் அழிவில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்கிறது. நம் நாட்டிலேயே நெகிரி செம்பிலானின் பாசோ காட்டைப் பாருங்கள். சென்டுடுக் புலு எனப்படும் கிளிடெமியா செடி, அமெரிக்காவிலிருந்து வந்தது, நிழலிலும் வளரும் என்பதால் அடர்ந்த காட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதற்கு வழி விட்டது யார் தெரியுமா? காட்டுப்பன்றி. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பழம் தின்று பெருகிய பன்றிகள் காட்டுக்குள் போய்த் தரையைக் கிளறுகின்றன, குட்டி போடக் கூடு கட்ட இளங்கன்றுகளை ஒடிக்கின்றன. 24 ஆண்டுகளில் அங்கே மரக்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்ததாக 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தோட்டத்துக்கு வெளியே ஒரு அடிகூட மருந்தோ கொடியோ போகாவிட்டாலும், பன்றி வழியாகத் தோட்டம் காட்டுக்குள் போய்விடுகிறது.

ஆகவே காட்டைக் காப்பவர்கள் 'அந்நியச் செடியை உடனே ஒழியுங்கள்' என்கிறார்கள். தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள் 'யார் முதுகில் பம்பை ஏற்றி ஒழிக்கப் போகிறீர்கள்?' என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் ஒரே அமைப்பின் ஒரே கூட்டத்தில் எழும்போது யாராலும் சட்டென்று வாக்கெடுத்து முடித்துவிட முடியாது. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். செடி நாளைக்கும் இருக்கும். முதுகில் சுமப்பவரின் உடம்பு இன்றைக்கே கெடுகிறது.

மூன்றாவது ஒரு வழியும் பேசப்படுகிறது: அந்நியச் செடியின் சொந்த ஊரிலிருந்து அதன் எதிரியையும் கொண்டு வருவது. மிக்கானியாவைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சை ஒன்றை இந்தியா 2005-ல் அசாமிலும் பிறகு கேரளத்திலும் சோதனையாக விட்டது, பசிபிக் தீவு நாடுகள் சிலவும் விட்டன. மருந்து இல்லை, ஆள் இல்லை, பூஞ்சையே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு வெளிநாட்டு உயிரினத்தை அடக்க இன்னொரு வெளிநாட்டு உயிரினம் என்றதும் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். மிக்கானியாவையே ஒரு காலத்தில் நல்லது என்றுதானே கொண்டு வந்தோம்?

ஒழிக்காமல் வைத்திருக்க முடியுமா?

அண்மைய ஆய்வுகளில் எனக்குச் சுவாரசியமாகத் தோன்றியது சுமாத்திராவின் ஜம்பியில் நடந்த ஒன்று. இந்தோனேசிய, ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு அரசுச் செம்பனைத் தோட்டத்தில் 2016-லிருந்து சோதனை செய்தார்கள். ஒரு பகுதியில் வழக்கம்போல் களைக்கொல்லி. இன்னொரு பகுதியில் மருந்தே இல்லை, புல்வெட்டும் இயந்திரத்தால் வெட்டுவது மட்டும். சில பகுதிகளில் உரத்தையும் குறைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மருந்தை நிறுத்தியதால் மகசூல் குறையவில்லை. தரைச்செடிகளின் வகை கூடியது. உரச் செலவும் குறைந்த இடத்தில் லாபமே அதிகம்.

காரணம் ரொம்ப எளிது. தோட்டத்தில் எல்லாப் புல்லையும் சாகடிக்க வேண்டிய தேவையே இல்லை. குலை விழும் இடத்தில், மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும். உதிர்ந்த பழம் பொறுக்கவும் உரம் போடவும் அது வசதி. குலை சுமக்கும் பாதை சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வரிசையில் பெரணியும் மென்மையான செடிகளும் இருந்தால் மண்ணுக்கு நல்லதே. கட்டைச் செடிகளையும் மரம் ஏறும் கொடிகளையும் மட்டும் எடுத்தால் போதும். அனுபவமுள்ள பழைய மண்டோர்கள் பலருக்கு இது புது விஷயமே இல்லை. ஆனால் 'தரை பளிச்சென்று இருந்தால்தான் நல்ல தோட்டம்' என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கௌரவம் இன்னும் போகவில்லை.

மாடு இன்னொரு வழி. செம்பனைக்கு அடியில் மாடு மேய்த்தால் களைக்கொல்லி குறைகிறது, பறவை வகைகளும் கூடுகின்றன என்று மலேசியாவிலேயே புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்மூடித்தனமாக அவிழ்த்து விடுவதைச் சொல்லவில்லை. மின்வேலி போட்டு, இடம் மாற்றி மாற்றி மேய்ப்பது. ரும்புட் இஸ்ராயேல் என்று சொல்லப்படும் ஆப்பிரிக்கக் களை ஆடு மாட்டுக்கு நல்ல தீனி. அந்நியச் செடி, அப்படியே பாலும் இறைச்சியும் ஆகிவிடும். ஆனால் காட்டோரத் தோட்டத்தில் மாடு என்றால் புலியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஜோகூரில் அது வெறும் பேச்சு இல்லை.

ஜம்பி சோதனையில் ஒரு விஷயத்தை விட்டுவிடக்கூடாது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஆள் வேண்டும், அதுவும் மருந்து அடிப்பதைவிட அடிக்கடி. மலேசியத் தோட்டங்கள் ஆள் பற்றாக்குறையைப் பற்றித்தான் எப்போதும் புலம்புகின்றன. அந்த வேலைக்கு யார் வருவார்கள், எந்தச் சம்பளத்துக்கு வருவார்கள்? 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். கூலாயிலோ ஜோகூர் பாருவிலோ கடையில் நின்றாலே அது கிடைக்கும், எல்லை தாண்டினால் அதற்கு மேலும் கிடைக்கும். வெயிலில் எட்டு மணி நேரம் இயந்திரம் தூக்கிப் புல் வெட்ட ஒருவர் ஏன் வர வேண்டும்?

பெல்டா நிலமோ சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனையோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்தக் கேள்வி செய்தியில் வரும் கேள்வி இல்லை. மருந்து வாங்கும்போது போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வீட்டில் படித்த பிள்ளையான நீங்கள்தான். வட்டத்துக்கும் பாதைக்கும் மட்டும் அடித்தால் போதுமா என்று கேளுங்கள். ஓடையோரத்தில் அடிக்கிறார்களா என்று பாருங்கள். வேலிக்கு அழகாக இருக்கிறது என்று யாராவது புதுக் கொடி கொண்டு வந்தால், அது எந்த ஊர்க் கொடி என்று தேடிப் பாருங்கள். மிக்கானியாவை வேரோடு பிடுங்கினால், துண்டுகளை ஓடையிலோ புதரிலோ எறிந்துவிடாதீர்கள். ஈர மண்ணில் ஒரு கணு பட்டாலே போதும், மறுபடி வேர் விட்டுவிடும்.